வாக்-ஆன் என்றால் யார்? வசனமில்லாத நடிகரும் உதவித்தொகையில்லாத ஆட்டக்காரரும்

அமெரிக்காவில் குடியிருக்கும் என் அத்தை மகனின் பெண் கல்லூரியில் சேர்ந்த சில வாரங்களில், அங்குள்ள துடுப்புப் படகு அணியில் 'வாக்-ஆன்' ஆகச் சேர்ந்துவிட்டாள் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி வந்தது. "அப்போ ஃபீஸ் கட்ட வேண்டாம்னு சொல்லு!" என்று சித்தப்பா மகிழ்ந்தார். ஆங்கிலத் தொடர்களை ஒன்று விடாமல் பார்க்கும் பெரியம்மாவோ, "வாக்-ஆன்னா சும்மா வந்துட்டுப் போற வேஷமாச்சே, எந்தப் படத்துல நடிக்கிறா?" என்று கேட்டார். இருவர் சொன்னதும் தவறுதான். ஆனால் பெரியம்மாவின் தவறுக்கு ஒரு நியாயம் இருக்கிறது.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் நடிப்புத் தொழிலில் ஒரு பொருளிலும், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் இன்னொரு பொருளிலும் வழங்குகிறது. இரண்டு இடங்களிலும் அதைத் 'திறமை குறைந்தவர்' என்று எடுத்துக்கொள்வதும் 'யார் வேண்டுமானாலும் உள்ளே போய்விடலாம்' என்று எடுத்துக்கொள்வதும் பரவலாக நடக்கிறது. உண்மையில் ஒருவர் எவ்வளவு நன்றாக நடிக்கிறார், எவ்வளவு வேகமாக ஓடுகிறார் என்பதைப் பற்றி இந்தச் சொல் எதுவுமே சொல்வதில்லை. அவர் எந்த ஏற்பாட்டின் பேரில் உள்ளே வந்தார், அவருக்கு என்ன உறுதி தரப்பட்டிருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது.

நமக்குத் தெரிந்த 'வாக்' சொற்கள்

நம் காதுக்குப் பழகிய சொற்களும் இங்கே குழப்பத்தைக் கூட்டுகின்றன. முன்பதிவு இல்லாமல் நேரே போய்க் கலந்துகொள்ளும் வேலைத் தேர்வை 'வாக்-இன் இன்டர்வியூ' என்று நாளிதழ் விளம்பரங்களில் பார்த்திருக்கிறோம். எதிரணி வராததால் கிடைக்கும் வெற்றி 'வாக்-ஓவர்'. சட்டமன்றத்தில் நடக்கும் 'வாக்-அவுட்'டுக்கு வெளிநடப்பு என்ற நல்ல தமிழ்ச்சொல்லே நிலைத்துவிட்டது. 'வாக்-ஆன்' இவற்றில் எதனோடும் சேராது. அதன் நேர்ப்பொருள் மேடைமீது நடந்து வருவது. நாடகக் கொட்டகையின் சொல் அது. மைதானத்துக்குப் போனபோது 'தானாக நடந்து வந்து அணியில் சேர்ந்தவர்' என்ற பொருளை ஏற்றது.

மேடையில்: வசனம் என்ற எல்லைக்கோடு

பள்ளி ஆண்டு விழா நாடகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அரசவைக் காட்சியில் சிம்மாசனத்துக்கு இரு பக்கமும் ஈட்டி பிடித்து நிற்கும் பையன்கள் காட்சி முடியும்வரை அசைவதில்லை. நடுவில் ஒருவன் உள்ளே வந்து, அரசனிடம் ஓலையை நீட்டி, வணங்கிவிட்டுத் திரும்பிப் போகிறான். இன்னொருவன் வந்து, "மன்னா, எதிரிப் படை கோட்டையை நெருங்கிவிட்டது" என்று சொல்கிறான். பார்ப்பவர்களுக்கு இவர்கள் எல்லோரும் 'சின்ன வேஷம்'தான். தொழில்முறை நாடகத்திலும் திரைப்படத்திலும் இவர்கள் மூன்று தனித்தனி வகையினர்.

ஈட்டி பிடித்தவன் எக்ஸ்ட்ரா. காட்சியின் பின்னணியை நிரப்புபவன், அவனுக்குப் பதில் வேறொருவன் நின்றாலும் கதைக்கு ஒன்றும் ஆகாது. ஓலை கொடுத்தவன் வாக்-ஆன். வசனம் இல்லை, அல்லது இல்லையென்று சொல்லும் அளவுக்கே உண்டு, ஆனால் அவன் செய்யும் ஒரு செயல் காட்சிக்கு வேண்டும், பார்வையாளரின் கண் ஒரு கணம் அவன்மேல் தங்குகிறது. செய்தி சொன்னவன் வசனமுள்ள சிறுவேடக்காரன். இவற்றோடு சேர்த்துக் குழப்பப்படும் நான்காவது சொல் 'கேமியோ': ஏற்கெனவே புகழ்பெற்ற ஒருவர் சில நொடிகள் தலைகாட்டிவிட்டுப் போவது. கேமியோவில் நடிகர் யார் என்பது தெரிய வேண்டும். வாக்-ஆனில் தெரிய வேண்டியதில்லை.

தமிழில் இந்தக் குழப்பத்தை நாமும் நம் பங்குக்கு வளர்த்திருக்கிறோம். கோடம்பாக்கத்தில் கூட்டத்தில் நிற்பவரும் 'துணை நடிகர்'. கதாநாயகனின் அண்ணனாகப் படம் முழுக்க வந்து விருது மேடையில் பரிசு வாங்குபவரும் 'சிறந்த துணை நடிகர்'. ஒரே சொல்லுக்குள் இரண்டு உலகங்கள் இருப்பதால்தான் படப்பிடிப்புத் தளத்தில் முதல்வகையினரைக் குறிக்க 'ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்' என்ற சொல் தேவைப்பட்டது.

இனி, இந்தக் கோடு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம். ஹாலிவுட்டின் தொடக்க காலத்தில் ஸ்டுடியோ வாசல்களில் வேலை தேடுவோர் தினமும் கூடி நிற்பார்கள். நம் ஊர்களில் விடியற்காலையில் முச்சந்தியில் கொத்தனாரும் சித்தாளும் மேஸ்திரிக்காகக் காத்து நிற்பதைப் போன்ற காட்சி அது. அந்தக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தத்தான் 1925இல் சென்ட்ரல் காஸ்டிங் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. பின்னாளில் நடிகர் சங்கத்தின் ஒப்பந்தங்கள் வந்தபோது, யார் பின்னணி நடிகர், யார் முதன்மைக் கலைஞர் என்று பிரிக்க ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. திறமையை அளக்கக் கருவி இல்லை. வாய் திறந்தாரா இல்லையா என்பதை யாரும் பார்த்துச் சொல்லிவிடலாம். வசனமே எல்லைக்கோடாயிற்று.

ஓர் உணவகக் காட்சி. பின்னணியில் தட்டு எடுத்துச் செல்லும் சர்வரை இயக்குநர் திடீரென்று அழைத்து, "நீ மேசைக்கு வந்து 'பில் கொண்டுவரட்டுமா' என்று கேள்" என்கிறார். அந்த இரண்டு சொற்களோடு அவருடைய அன்றைய நிலை மாறிவிடுகிறது. அமெரிக்காவில் சாக்-ஆஃப்ட்ரா என்ற நடிகர் சங்கத்தின் ஒப்பந்தத்தில் நடக்கும் படப்பிடிப்பாக இருந்தால் அவர் பின்னணிக் கூலியிலிருந்து முதன்மைக் கலைஞருக்கான நாள் ஊதியத்துக்கு உயர்த்தப்படுவார். சங்கத்தில் சேரும் தகுதியும் அவருக்கு வந்துவிடும். அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களில் 'அண்டர்-ஃபைவ்' என்று ஒரு வகையே இருந்தது: ஐந்து வரி அல்லது அதற்குக் குறைவாகப் பேசுபவர், அதற்கென்று தனிக் கட்டணம். ஆறாவது வரியைக் கொடுக்கத் தயாரிப்பாளர்கள் ஏன் தயங்குவார்கள் என்பதை ஊகிக்கலாம்.

சுருக்கமாக, நடிப்பில் வாக்-ஆன் என்பவர் கூட்டத்திலிருந்து ஓரடி முன்னால் வந்தவர், வசனத்துக்கு ஓரடி பின்னால் நிற்பவர். நிதி திரட்டும் ஏலங்களில் தொலைக்காட்சித் தொடரின் வாக்-ஆன் வேடத்தைப் பரிசுப் பொருளாக வைப்பதும் அங்கே வழக்கம். பயிற்சி இல்லாத ஒருவரைக் கேமரா முன் நிறுத்தக் கூடிய கடைசிப் படி அதுதான்.

மைதானத்தில்: கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

கல்லூரி விளையாட்டுக்கு நம்மிடம் நல்ல ஒப்புமை இருக்கிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் பெற்றவர்கள் ஒருபுறம். மதிப்பெண்ணில் சேர்ந்துவிட்டு, முதல் வாரத்தில் உடற்கல்வி இயக்குநர் அணித் தேர்வு நடத்தும்போது மைதானத்துக்குப் போய் நிற்பவர்கள் மறுபுறம். ஏறத்தாழ அந்த இரண்டாவது ஆள்தான் வாக்-ஆன். ஆனால் அமெரிக்க ஏற்பாட்டில் பணமும் விதிகளும் பன்மடங்கு அதிகம் என்பதால், அங்கே ஒன்றுக்குப் பதில் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: கல்லூரி அவரைத் தேடிப் போனதா? இதற்கு 'ஆள்சேர்ப்பு' என்று பெயர். 1906இல் தொடங்கிய, கல்லூரி விளையாட்டை ஆளும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. இதை விதியாகவே வரையறுத்திருக்கிறது. கல்லூரி தன் செலவில் மாணவரை வளாகத்துக்கு அழைத்துக் காட்டியிருந்தாலோ, பயிற்சியாளர் வளாகத்துக்கு வெளியே மாணவரையோ பெற்றோரையோ ஏற்பாடு செய்து சந்தித்திருந்தாலோ, உதவித்தொகை தருவதாக எழுதிக் கொடுத்திருந்தாலோ அவர் ஆள்சேர்ப்பு செய்யப்பட்டவர்.

இரண்டாவது கேள்வி: அவருக்கு விளையாட்டு உதவித்தொகை உண்டா? விளையாடுவதற்கென்றே கல்லூரி ஏற்றுக்கொள்ளும் படிப்புச் செலவு இது. முழு அளவில் கிடைத்தால் கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு, புத்தகம் எல்லாம் அடங்கும். வாக்-ஆனுக்கு இது கிடையாது. சித்தப்பா நினைத்ததற்கு நேர் எதிராக, மற்ற மாணவர்களைப் போலவே கட்டணம் கட்டிக்கொண்டு விடியற்காலைப் பயிற்சிக்கும் போகிறவர் அவர்.

பலரும் இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். ஐவி லீக் என்று சொல்லப்படும் ஹார்வர்டு, யேல் முதலிய எட்டுக் கல்லூரிகளில் விளையாட்டு உதவித்தொகை என்பதே இல்லை. அப்படியும் அங்கே வாக்-ஆன் என்ற சொல் வழங்குகிறது. பணம் எவருக்கும் இல்லாத இடத்தில், பயிற்சியாளர் தேடிப் போகாத ஆள் என்ற பொருள் மட்டும் எஞ்சி நிற்கிறது.

இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் நிற்பவர் 'ப்ரிஃபர்டு வாக்-ஆன்'. பயிற்சியாளர் இவரை முன்பே அறிவார். "உனக்கு அணிப் பட்டியலில் இடம் உண்டு, பணம் மட்டும் இப்போதைக்கு இல்லை" என்று அழைக்கிறார். தேர்வுப் போட்டி எதுவும் இல்லை. பெரிய அமெரிக்கன் ஃபுட்பால் (இது நம் கால்பந்து அன்று; இனி ஃபுட்பால் என்றால் இதுதான்) அணிகளில் நாம் காணும் வாக்-ஆன்களில் பெரும்பாலோர் இப்படி அழைக்கப்பட்டு வந்தவர்களே. அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டு, முன்பின் தெரியாமல் வந்து தேர்வில் ஓடிக்காட்டி இடம்பிடிப்பவர் மிகச் சிலர்.

எண்களின் கணக்கு

வேண்டியவர் என்றால் பணம் கொடுக்க வேண்டியதுதானே? விதி தடுத்தது. 1956இல் என்.சி.ஏ.ஏ. முழு விளையாட்டு உதவித்தொகையை வெளிப்படையாக அனுமதித்த பிறகு, பணக்காரக் கல்லூரிகள் எல்லா நல்ல ஆட்டக்காரர்களையும் வாரிக்கொள்ளும் நிலை வந்தது. தாம் ஆடவைக்காத ஆளைக்கூட எதிரணிக்குப் போகவிடாமல் உதவித்தொகை கொடுத்து உட்காரவைக்கலாம் அல்லவா? அதனால் உச்சவரம்பு வந்தது. முதல்நிலை ஃபுட்பாலில் 1973இல் 105 பேர், 1978இல் 95, 1990களின் நடுவில் 85. அணிப் பட்டியலோ 100ஐத் தாண்டியது. 120ஐத் தொட்டதும் உண்டு. அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் வாக்-ஆன்கள்.

வேறு விளையாட்டுகளில் கணக்கு இன்னும் விசித்திரமாக இருந்தது. ஆண்கள் பேஸ்பாலுக்கு 11.7 உதவித்தொகை, அதை 27 பேர்வரை பங்கு போட்டுக்கொள்ளலாம். பெண்கள் படகு ஓட்டத்துக்கு 20. அணியில் இருப்பவர்களோ அதைப் போலப் பல மடங்கு. மேலும் அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் படகு ஓட்டமே கிடையாது என்பதால், பயிற்சியாளர்கள் வளாகத்திலேயே உயரமான, உடல் வலுவுள்ள மாணவிகளைப் பார்த்து "வந்து முயன்று பாரேன்" என்று கூப்பிடுவது சாதாரணம். என் அத்தை மகனின் பெண் பள்ளியில் கைப்பந்து ஆடியவள், ஐந்தடி பதினொரு அங்குலம். துடுப்பைக் கையில் பிடித்ததே கல்லூரியில்தான்.

வரம்பை வாய்ப்பாக மாற்றிக்கொண்ட கல்லூரி நெப்ராஸ்கா. மக்கள்தொகை குறைந்த வேளாண் மாநிலம். டெக்சாஸ், கலிஃபோர்னியா போலப் பள்ளி ஆட்டக்காரர்கள் கொட்டிக் கிடக்கும் இடமன்று. 1973 முதல் 1997 வரை தலைமைப் பயிற்சியாளராக இருந்த டாம் ஆஸ்போர்ன், சிற்றூர்களிலிருந்து வரும் பையன்களைப் பெரும் எண்ணிக்கையில் வாக்-ஆன்களாகச் சேர்த்துக்கொண்டார். 1994, 1995, 1997 ஆகிய பருவங்களில் அந்த அணி தேசியப் பட்டம் வென்றது.

இதுவரை வந்தது இவ்வளவு: தேடிப் போனார்களா, பணம் உண்டா என்ற இரண்டு கேள்விகள், பணத்துக்கு வரம்பு, பட்டியலில் இடைவெளி. பருவம் நடக்கும்போதே யாராவது பட்டம் பெற்றோ வேறு கல்லூரிக்கு மாறியோ போனால் ஓர் உதவித்தொகை காலியாகும், அது வாக்-ஆன் ஒருவருக்குப் போகலாம். அணிக் கூட்டத்தின் நடுவில் பயிற்சியாளர் இதை அறிவிக்க, எல்லோரும் ஒருவன்மேல் பாய்ந்து கட்டிக்கொள்ளும் காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள்.

ஆடாத ஆட்டக்காரரின் வேலை

வாக்-ஆன்களில் பலர் போட்டி நாளில் களமிறங்குவதே இல்லை. அப்படியானால் வாரம் முழுக்க என்ன செய்கிறார்கள்? அடுத்த சனிக்கிழமை சந்திக்கப்போகும் எதிரணியின் ஆட்ட முறைகளை மனப்பாடம் செய்து, பயிற்சியில் அந்த எதிரணியாகவே ஆடிக் காட்டுகிறார்கள். இதற்கு 'ஸ்கவுட் அணி' என்று பெயர்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வலைப் பந்துவீச்சாளர் செய்யும் வேலை இது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த தங்கராசு நடராஜன், 2020 இறுதியில் இந்திய அணியின் ஆஸ்திரேலியப் பயணத்துக்கு முதலில் வலைப் பந்துவீச்சாளராகவே தேர்வானார். மற்றவர்கள் காயமடைய அடைய இடம் கிடைத்து, டிசம்பர் 2இல் ஒருநாள் போட்டி, 4இல் டி20, 2021 ஜனவரி 15இல் பிரிஸ்பேனில் டெஸ்ட் என்று ஒரே பயணத்தில் மூன்று வடிவங்களிலும் அறிமுகமானார். ஒப்புமை முழுமையானது அன்று: வலைப் பந்துவீச்சாளர் அணிப் பட்டியலில் இல்லாதவர், வாக்-ஆன் பட்டியலில் இருப்பவர், சீருடை உண்டு, அணியின் மருத்துவ உதவியும் பாட உதவியும் உண்டு. ஆனால் பட்டியலில் இருப்பதும் ஆடுவதும் வேறு வேறு என்பது இரண்டு இடத்திலும் உண்மை.

ஒரு படம் உண்டாக்கிய பிம்பம்

1975 நவம்பர் 8ஆம் தேதி நோட்ர டாம் கல்லூரி, ஜார்ஜியா டெக் அணியை 24-3 என்று வென்றுகொண்டிருந்த ஆட்டத்தின் கடைசி நொடிகளில், ஐந்தடி ஆறு அங்குல உயரமுள்ள ரூடி ரூட்டிகர் என்ற வாக்-ஆன் களமிறக்கப்பட்டார். அந்தக் கல்லூரி மூன்று முறை அவருடைய விண்ணப்பத்தை நிராகரித்திருந்தது. சேர்ந்த பிறகு ஸ்கவுட் அணியில் அடிவாங்கியே காலம் போனது. அந்த ஆட்டத்தின் கடைசி நகர்வில் அவர் எதிரணியின் குவார்ட்டர்பேக்கை, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவரை, வீழ்த்த, சக வீரர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள். 1993இல் இது திரைப்படமானது. அன்றிலிருந்து வாக்-ஆன் என்றாலே குள்ளமான, திறமையற்ற, நெஞ்சுரம் மட்டுமுள்ள பையன் என்ற பிம்பம் ஒட்டிக்கொண்டது. ரூட்டிகரின் கதை உண்மை. அதை எல்லா வாக்-ஆன்களுக்கும் பொதுவாக்கியதுதான் பிழை.

ஜே.ஜே. வாட்டைப் பாருங்கள். ஆறடி ஐந்து அங்குலம். சென்ட்ரல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அவருக்கு உதவித்தொகையே இருந்தது, ஆள்சேர்ப்பு செய்யப்பட்டவர்தான். அங்கே கிடைத்த இடம் பிடிக்காமல் 2008இல் அதை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, வீடுவீடாகப் பீட்சா கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்து, பிறகு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வாக்-ஆனாகச் சேர்ந்தார். ஒரே ஆள், ஒரே உடம்பு, ஓராண்டில் ஒரு கல்லூரியில் உதவித்தொகை ஆட்டக்காரர், அடுத்ததில் வாக்-ஆன். 2011இல் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லின் முதல் சுற்றில் தேர்வாகி, ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை மூன்று முறை வென்றார். பேக்கர் மேஃபீல்டோ இரண்டு கல்லூரிகளில் வாக்-ஆனாக நுழைந்து, 2017இல் கல்லூரி ஃபுட்பாலின் மிக உயர்ந்த ஹைஸ்மன் விருதைப் பெற்று, 2018இல் தொழில்முறைத் தேர்வில் முதல் ஆளாக அழைக்கப்பட்டார்.

வாக்-ஆனாகத் தொடங்கியவர்களில் சிறந்தவருக்கு 2010 முதல் தனி விருதே இருக்கிறது. ஆர்கன்சாஸ் கல்லூரியில் வாக்-ஆனாக நுழைந்து, நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவராகி, 1999இல் என்.எஃப்.எல். அணியால் தேர்ந்தெடுக்கப்பட்ட பதினோராம் நாள் கார் விபத்தில் இறந்த பிராண்டன் பர்ல்ஸ்வர்த்தின் பெயரால் அது வழங்கப்படுகிறது. மேஃபீல்டு அதை இருமுறை பெற்றிருக்கிறார்.

2025இல் மாறிய கணக்கு

மேலே சொன்ன 85, 11.7, 20 எல்லாம் பெரிய கல்லூரிகளில் இப்போது பழங்கணக்கு. ஆட்டக்காரர்கள் தொடுத்த வழக்கொன்றில், 2025 ஜூன் 6ஆம் தேதி நீதிபதி கிளாடியா வில்கன் ஒரு சமரசத்துக்கு ஒப்புதல் அளித்தார். அதை ஏற்ற கல்லூரிகள் தம் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். உதவித்தொகைக்கு இருந்த உச்சவரம்பும் நீங்கியது. அதற்குப் பதிலாக அணிப் பட்டியலுக்கே வரம்பு வந்தது: ஃபுட்பாலுக்கு 105, பெண்கள் படகு ஓட்டத்துக்கு 68.

கேட்க நல்ல செய்திதான். 105 பேருக்கும் உதவித்தொகை கொடுக்கலாமே! ஆனால் வாக்-ஆனுக்கு இடம் தந்தது எது என்று நினைத்துப் பாருங்கள். பணத்துக்கு வரம்பு இருந்து பட்டியலுக்கு இல்லாததால் உண்டான இடைவெளி. இப்போது அந்தப் பட்டியலுக்கே பூட்டுப் போட்டாயிற்று. ஒப்புதலுக்கு முன்பே பல கல்லூரிகள் ஆட்களைக் கழிக்கத் தொடங்கிவிட்டன. நீதிபதி அதைக் காரணம் காட்டி ஒப்புதலைத் தள்ளிவைத்த பிறகே, ஏற்கெனவே அணியில் இருந்து கழிக்கப்பட்டவர்களை வரம்பில் சேர்க்காமல் விடலாம் என்ற விலக்கு சேர்க்கப்பட்டது. புதிதாக வருபவர்களுக்கு அந்த விலக்கு இல்லை. ஆகவே இன்று ஒரு பெற்றோர் பயிற்சியாளரிடம் கேட்க வேண்டியது "உதவித்தொகை உண்டா" என்பதோடு நிற்கக் கூடாது. கல்லூரி அந்தச் சமரசத்தை ஏற்றிருக்கிறதா, பட்டியலில் இடம் இந்த ஒரு பருவத்துக்கா அதற்கு மேலுமா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவ்வளவையும் நான் வாட்ஸ்அப்பில் ஒருவாறு எழுதி முடித்தபோது பெரியம்மாவிடமிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது: "காசும் குடுக்கல, ஆடவும் விடல, சாப்பாடாவது போடுவாங்களா?" நல்ல கேள்வி. நெடுங்காலம் போடவில்லை. பயிற்சி முடிந்து எல்லோரும் ஒன்றாக உட்காரும் அணியின் சாப்பாட்டு மேசையில், உதவித்தொகை உள்ளவருக்குத் தட்டு இலவசம், அதே பயிற்சியை அதே வியர்வையோடு முடித்த வாக்-ஆன் காசு கொடுத்துத்தான் சாப்பிட வேண்டும் என்றிருந்தது. 2014 ஏப்ரலில்தான், முதல்நிலைக் கல்லூரிகள் வாக்-ஆன்கள் உட்பட எல்லா ஆட்டக்காரர்களுக்கும் அளவில்லாமல் உணவு தரலாம் என்று என்.சி.ஏ.ஏ. விதியை மாற்றியது. தரலாம் என்றுதான் விதி, தந்தே தீர வேண்டும் என்றில்லை. எங்கள் பெண்ணின் கல்லூரியில் போடுகிறார்கள்.